இருபத்து நான்காவது கேபிள்

நாள் 411 / 08:00

நிழல்-2 நிலையம், சந்திரன், தென்முனை. பதிவு: பிலோமினா ராயப்பன், மின்னணுத் தொழில்நுட்பர். பேச்சுத் தொடர்பு முழுவதையும் கருவியே எழுத்தாக்கி இந்தப் பதிவில் சேர்த்துவிடும். மற்றது என் கைவேலை.

அறை அழுத்தம் 70 கிலோபாஸ்கல். வெப்பம் 21. காற்று இயந்திரம் சீராக ஓடுகிறது. தண்ணீர் வடிகட்டி நாறுகிறது. இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன், ஒருவரும் படிப்பதாகத் தெரியவில்லை.

இன்று நிலையத்தில் நான் மட்டும். இங்கே மொத்தமே இரண்டு பேர். இன்னொருவர் நிலவியலாளர் கோமதிநாயகம், எனக்கு அண்ணாச்சி. சுற்றுப்பாதையில் நின்ற சரக்குக் கப்பலிலிருந்து சாமான் எடுத்துவர மூன்று நாள் முன்பு இறங்குகலத்தில் மேலே போனார். கப்பல் நேற்றே பூமிக்குத் திரும்பிவிட்டது. அண்ணாச்சி நாளை பிற்பகல் இறங்குகிறார். இறங்குகலத்துக்கு வள்ளம் என்று பெயர் வைத்தது நான். தூத்துக்குடிக்காரி வேறென்ன பெயர் வைப்பாள்?

பூமி அடிவானத்துக்குக் கீழே போய் ஒன்பது நாள். இனி நாள் 417இல்தான் எழும். அதுவரை இங்கிருந்து பூமியோடு பேச வழியில்லை. வள்ளம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும்போது கால் மணி நேரம் அண்ணாச்சியோடு பேசலாம்.

கலங்கரை சோதனை: சரி. இந்தத் தரை முழுக்க நிழல், கண்ணை நம்பி எவரும் இறங்க முடியாது. பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று வள்ளத்துக்குச் சொல்லி இறக்குவது கலங்கரைக் கணினிதான். இன்றைக்கு இவ்வளவே.

நாள் 412 / 05:58

நிலநடுக்கம். 05:42க்குத் தொடங்கி நான்கு நிமிடம். படுக்கையிலிருந்து தூக்கி எறிந்தது. இடது தோள் வலிக்கிறது, உடையவில்லை.

சேதம்: கிடங்குச் சுரங்கம் நசுங்கிவிட்டது. என் விண்வெளி உடை அதற்குள்தான் இருக்கிறது. அறைச் சுவரில் எங்கோ விரிசல், காற்று கசிகிறது. கையால் தடவித் தேடினேன், அகப்படவில்லை. காற்று இயந்திரம் முழு வேகத்தில் ஓடி ஈடுகட்டுகிறது. அழுத்தம் 68இல் நிற்கிறது. அது ஓடும்வரை எனக்குப் பயமில்லை.

கலங்கரைக் கணினியின் உள் நினைவகம் செத்துவிட்டது. திரையில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

06:40 / வள்ளம் கடக்கிறது

அண்ணாச்சி: "பிலோமி, கேக்குதா? கலங்கரை சிக்னல் வரலியே."

நான்: "இங்க நெலம் ஆடிருச்சு அண்ணாச்சி. காத்து கொஞ்சம் கசியுது, மிஷின் ஈடுகட்டுது. நான் நல்லாத்தான் இருக்கேன். கலங்கரை போச்சு."

அண்ணாச்சி: "போச்சுன்னா?"

நான்: "மெமரி போச்சு. பயப்படாதிய, கையடக்க டிரைவுல நகல் இருக்கு. மாட்டுனா ஓடிரும்."

அண்ணாச்சி: "அப்ப சரி. எஞ்சின் பேட்டரி மூணு மணி வரைக்குந்தான் பாத்துக்க. 14:40 சுத்துல எறங்கியாகணும். அத விட்டா எனக்குப் போக்கிடமில்ல."

07:35

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

டிரைவ் பத்திரமாக இருக்கிறது. தீப்பெட்டி அளவு எஸ்.எஸ்.டி. அதற்குள் கலங்கரையின் மென்பொருளும் தென்முனை முழுவதன் தரைப்படமும் இருக்கின்றன. சிக்கல் டிரைவில் இல்லை, அதை மாட்டுவதில்.

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவர் யாரோ, உங்கள் காலத்தில் இது எப்படியோ, அதனால் சொல்கிறேன். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி துளை, எல்லா கேபிளிலும் ஒரே மாதிரி முனை. ஒரே துளை உலகம் முழுக்க என்று குழு போட்டுக் கைதட்டிக்கொண்டார்கள். முனை உள்ளே போய்விடும், பேச்சுத்தான் நடக்காது. இணைப்பு முறை ஒவ்வொன்றுக்கும் தரம் என்று ஒரு எண் உண்டு. கலங்கரைக் கணினி மூன்றாம் தரம், கேள்வி கேட்காத பழைய ஆள். டிரைவ் நான்காம் தரம். அதன் கேபிளுக்குள் ஒரு சில்லு இருக்கும், அது முறைப்படி அறிமுகம் சொன்னால்தான் டிரைவ் வாயைத் திறக்கும். முன்பெல்லாம் புதியது பழையதோடும் பேசும். பாதுகாப்பு என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். கருத்துக் கேட்புப் படிவம் சுற்றுக்கு வந்தபோது, "பழைய தரத்தை எத்தனை காலம் சுமப்பது, விட்டொழியுங்கள்" என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

இரண்டையும் பேசவைக்கப் பாலம் கேபிள் என்று ஒன்று உண்டு. நிலையத்தில் அது ஒன்றே ஒன்று. மஞ்சள் டேப் சுற்றி வைத்திருந்தேன்.

பதினோரு நாளுக்கு முன்பு ஆயுத பூஜை. நான் வேதக்காரி, மாதா கோயில் பிள்ளை, ஆனாலும் பட்டறையில் வளர்ந்தவள். பொரி தின்னாத ஆயுத பூஜை எனக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி ஸ்பேனரிலிருந்து துளைப்பொறி வரை துடைத்தார், நான் கேபிள்களை எடுத்துக்கொண்டேன். டேப்பெல்லாம் பிசுக்கேறி அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அடுக்கிவிட்டேன். மறுநாள் புது டேப் ஒட்டலாம் என்று நினைத்தேன். மறுநாள் வடிகட்டி அடைத்துக்கொண்டது, அதோடு மறந்தேபோனது.

பெட்டியில் இருபத்து மூன்று கேபிள். எல்லாம் கறுப்பு, ஒரே நீளம், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு.

தவறான கேபிளைப் பத்து முறை மாட்டினால் டிரைவ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் திறக்காது. ஆத்திரத்தில் கைக்கு வந்ததை எடுத்து ஆறு முறை மாட்டிவிட்டேன். ஆறும் தவறு. ஏழாவதைக் கையில் எடுத்த பிறகுதான் புத்தி வந்தது.

08:40 / வள்ளம் கடக்கிறது

நான்: "பாலம் கேபிள் எதுன்னு தெரியல அண்ணாச்சி. பூஜைக்கு டேப்ப உரிச்சிட்டேன்."

அண்ணாச்சி: "டேப்ப உரிச்சியா? எல்லாத்தையுமா?"

நான்: "எல்லாத்தையும்."

அண்ணாச்சி: "நாந்தானம்மா சொன்னேன், உரிச்சுட்டுத் தொடைச்சாத்தான் சுத்தம்னு. எம்மேலதான் தப்பு."

நான்: "நீங்க சொன்னா எனக்கு எங்க போச்சு அறிவு? என்னைச் சமாதானப்படுத்தாதிய அண்ணாச்சி, எரிச்சலா வருது."

அண்ணாச்சி: "சரி, திட்டிக்க. பூமி தெரியுத பக்கம் போம்போது பூமிக்காரங்ககிட்டக் கேட்டேன். அவசரப்படாம யோசிச்சுச் செய்யச் சொல்லுதாங்க."

நான்: "இதச் சொல்ல எத்தனை பேரு உக்காந்து பேசுனாங்களாம்?"

அண்ணாச்சி: "பதினாலு பேரு."

இரண்டு பேரும் சிரித்தோம். தொடர்பு அறுந்ததும் மறுபடி பெட்டியைத் திறந்தேன்.

10:05

பாலம் கேபிளிலும் சில்லு உண்டு. சில்லு உள்ள கேபிளுக்கு மின்சாரம் கொடுத்தால் அதன் முனை லேசாகச் சுடும். விரலுக்குத் தெரியாது, உதட்டுக்குத் தெரியும். மீதிப் பதினேழையும் ஒவ்வொன்றாகச் சார்ஜரில் சொருகி, ஐந்து நிமிடம் விட்டு, கீழுதட்டில் வைத்துப் பார்த்தேன். சந்தன வாசம் இன்னும் போகவில்லை.

ஐந்து கேபிள் சுட்டது. வாய்ப்பு மீதி நான்கு. மாதாவே என்று முதலாவதை மாட்டினேன். தவறு. இரண்டாவது தவறு. மூன்றாவது, நன்றாகச் சுட்ட கேபிள், இதுதான் என்று சத்தியம் செய்திருப்பேன். தவறு.

டிரைவ் விளக்கு சிவப்பாகக் கண்ணடிக்கிறது. ஒன்பது போய்விட்டது, மிச்சம் ஒன்று. கேபிள் இரண்டு.

10:40 / வள்ளம் கடக்கிறது

நான்: "ஒம்போது போச்சு அண்ணாச்சி. ஒரு தடவதான் மிச்சம்."

அண்ணாச்சி: "தொடாத. அந்தக் கடைசியத் தொடாத. கேளு. கெழக்குப் பக்கம் கொஞ்சம் சமதளம் உண்டு. கலங்கரை இல்லாமலே எறக்கிக்கிடுதேன்."

நான்: "அங்க வீடு ஒசரத்துக்குப் பாறை கெடக்கு. நீங்கதான படம் போட்டிய?"

அண்ணாச்சி: "தெரியும்மா."

நான்: "அப்புறம் என்ன எறக்கிக்கிடுதேன்?"

அண்ணாச்சி: "உனக்குக் காத்து ஓடுதுல்ல? அது போதும். 417ல பூமி எழும்பிரும், உன்னக் கூட்டிட்டுப் போக ஆளு வரும். நீ உன்னப் பாத்துக்க. செண்பகத்துட்டப் பேசிட்டேன். எல்லாஞ் சரியாப் போவுதுன்னு சொல்லிருக்கேன்."

செண்பகம் அவர் மனைவி. ஆலங்குளத்தில் பள்ளி ஆசிரியை. எனக்கும் மாதம் ஒரு முறை கடிதம் அனுப்புவார், முடி கொட்டுவதற்கு என்ன போட வேண்டும் என்றெல்லாம் எழுதுவார்.

11:20

உட்கார்ந்து அழுதேன். பதிவில் இருக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

அழுது முடித்துவிட்டுப் பொருள் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு கேபிளின் வரிசை எண்ணாவது இருக்குமா என்று பார்க்கத்தான். எண் இல்லை. மொத்தக் கணக்கு மட்டும் இருந்தது: கேபிள், இருபத்து நான்கு.

பெட்டியில் இருப்பது இருபத்து மூன்று. மூன்று தடவை எண்ணினேன்.

11:34

கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜை அன்று காற்று இயந்திரத்தின் கேபிளையும் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது குவியலிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறேன். எல்லாம் ஒரே முனைதானே! அந்த இயந்திரத்துக்கு எந்த கேபிளும் ஒத்துப்போகும், அதனால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அதன் திரையில் இணைப்பு விவரத்தைத் திறந்து பார்த்தேன். "பாலம், 4-3" என்று போட்டிருக்கிறது.

அதைப் பிடுங்கினால் இயந்திரம் நிற்கும். வேறு கேபிள் மாட்டலாம், ஆனால் ஓடாது. இணைப்பு ஒருமுறை அறுந்தால் பூமியிலிருந்து ஒப்புதல் வந்தால்தான் மறுபடி தொடங்கும். அதுவும் நான்காம் தரத்தின் பாதுகாப்பு விதிதான்; கேபிளைச் சோதிக்காது, ஒப்புதலைத்தான் கேட்கும். பூஜை அன்று பூமி மேலே இருந்தது, அரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தார்கள். வள்ளம் வழியாகப் பேச்சுத்தான் போகும், ஒப்புதல் வராது. இப்போது ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

கசிவைக் கணக்குப் போட்டேன். பிடுங்கிய நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் தாங்கும். அழுத்தம் முப்பதுக்குக் கீழே போனால் நினைவு தப்பும்.

12:15

மறுபடி கணக்கு. கலங்கரையின் பழைய துளை வழியாகத் தரைப்படம் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகும். புதிய துளை இருந்தால் அரை நிமிடம். 13:10க்குப் பிடுங்கினால் 14:25க்குக் கலங்கரை தயார். 14:56க்கு அண்ணாச்சி தரையில். வழக்கமான இறங்கல் சோதனைப் பட்டியலை முழுக்க முடித்து வர அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு உடையோடு ஓடிவந்தால் இருபது நிமிடம். 15:16. எனக்கு 15:40 வரை காற்று. வள்ளத்தில் மாற்று உடை இருக்கிறது, இரண்டு பேருக்கும் காற்றும் இருக்கிறது.

ஆக, முடியும். இருபத்து நான்கு நிமிடம் மிச்சமே இருக்கிறது.

ஆனால் அவரிடம் முன்கூட்டிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். பிடிவாதம் பிடித்து கிழக்கே பாறையில் போய் மோதுவார். எனக்கு அந்த மனுஷனைத் தெரியும். அதனால் இறங்கும்வரை பொய். கால் தரையில் பட்டதும் உண்மை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே காற்றைச் சுவாசித்துக்கொண்டு அவர் மோதுகிற சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது. ஊருக்குப் போய்ச் செண்பகம் அக்காவிடம் என்ன சொல்வேன்? டேப்பை உரித்தேன் என்றா?

12:40 / வள்ளம் கடக்கிறது

நான்: "அண்ணாச்சி! கெடச்சிருச்சு! பெட்டிக்கு அடியில விழுந்து கெடந்துருக்கு சனியன்!"

அண்ணாச்சி: "நெசமாவா? நெசமாவா சொல்லுத?"

நான்: "பொய்யா சொல்லுவேன்? 14:40க்கு நேரா வாங்க. கலங்கரை எரியும்."

அண்ணாச்சி: "யம்மா தாயே. உனக்குக் கோயில் கட்டணும். காத்து எப்படி இருக்கு? கசியுதுன்னியே?"

நான்: "அதெல்லாம் ஜோரா ஓடுது. அவசரம் ஒண்ணுமில்ல, எறங்கிப் பதறாம, எல்லாத்தையும் சரி பாத்துட்டு வாங்க."

கடைசி வாக்கியம் அதிகப்படி. பொய் சொன்னால் எனக்கு இதுதான், இரண்டு கரண்டி கூடப் போட்டுவிடுவேன். பரவாயில்லை, இறங்கியதும் திருத்திக்கொள்ளலாம்.

13:10

பிடுங்கிவிட்டேன். காற்று இயந்திரம் நின்றது. பதினான்கு மாதமாக அந்த இரைச்சலைத் திட்டியிருக்கிறேன். இப்போது அறை இவ்வளவு அமைதியாக இருப்பது பிடிக்கவில்லை.

மாட்டினேன். டிரைவ் விளக்கு பச்சை. கலங்கரைத் திரை விழித்தது. தரைப்படம் ஏறுகிறது, நூற்றில் ஒன்று.

அழுத்தம் 68.

13:50

53 சதவீதம். அழுத்தம் 57. காது அடைக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், பேசினால்கூடக் காற்று செலவு.

14:27

நூறு. கலங்கரை எரிகிறது. இனி ஆண்டெனா அதன் பக்கம் மாறிவிடும், இறங்கும்வரை அவர் பேசுவது எனக்குக் கேட்கும், என் குரல் போகாது. அவருக்கும் இது தெரியும். இறங்கியதும் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் ஆண்டெனா என் பக்கம் திரும்பும்.

அழுத்தம் 47. தலைவலி. நகம் நீலம்.

14:49

அண்ணாச்சி: "பிடிச்சிட்டேன் பிலோமி! கலங்கரை தெளிவா வருது. எண்ணூறு மீட்டர். ஒரு பாறையத் தாண்டுதேன், யப்பா, எவ்வளவு பெரிசு. இது இல்லன்னா அதுலதான் ஒக்காந்துருப்பேன்."

14:56

அண்ணாச்சி: "தொட்டாச்சு! எறங்கிட்டேன்! பிலோமி, எறங்கிட்டேம்மா!"

இறங்கிவிட்டார். பிழைத்தார். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது, மூச்சு இல்லை. 41.

15:03

என்ன செய்துவிட்டேன்.

அவர் இறங்கினாரா, உடனே மனதில் ஒன்றே ஒன்றுதான். கேபிள் வேலை முடிந்தது, திரும்பக் காற்று இயந்திரத்தில் மாட்டு, ஒருவேளை ஓடினாலும் ஓடும். பிடுங்கிவிட்டேன். முதலில் அவரிடம் பேசியிருக்க வேண்டும். ஆண்டெனாவைத் திருப்பியிருக்க வேண்டும். காற்று குறைந்தால் மூளை மழுங்கும் என்று நூறு முறை பாடம் எடுத்திருக்கிறார்கள்.

கணினி டிரைவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் உறைந்துவிட்டது. ஆண்டெனா கலங்கரைப் பக்கமே நிற்கிறது.

காற்று இயந்திரம் ஓடவில்லை. திரையில்: "புதிய இணைப்பு. பூமியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது."

மறுபடி டிரைவில் மாட்டினேன். ஓடும்போது பிடுங்கியதைத் தவறு என்று எண்ணிக்கொண்டது. பத்து. பூட்டிக்கொண்டது.

15:09

அண்ணாச்சி: "என்ன பிலோமி, சத்தத்தக் காணோம்? இன்னும் ஆண்டெனாவத் திருப்பலியா?"

கத்தினேன். சும்மா. சுவருக்குத்தான் கேட்டிருக்கும்.

15:13

அண்ணாச்சி: "சரி, தூங்கிட்ட போலுக்கு. விடியமுன்ன எந்திரிச்சது, தூங்கு. அவசரமில்லன்னு நீயே சொல்லிட்ட. நான் பட்டியல முழுசா முடிச்சிட்டு வாரேன். எரிபொருள் வால்வுலருந்து ஆரம்பிக்கேன்."

இல்லை அண்ணாச்சி. இல்லை. பொய் சொன்னேன். வாங்க.

38

15:21

சன்னல் கிடையாது. விளக்கு காட்ட வழி இல்லை. வெளியே போக உடை இல்லை. ஸ்பேனரால் சுவரைத் தட்டுகிறேன், வெளியே காற்றே இல்லை, யாருக்குக் கேட்கும். முட்டாள்.

அண்ணாச்சி: "வால்வு ஒண்ணு, சரி. வால்வு ரெண்டு, சரி. உனக்கு மக்ரூன் ரெண்டு டப்பா வந்துருக்கு, தூத்துக்குடிலருந்து. எறங்கயில ஆடுன ஆட்டத்துல பொடியாப் போயிருக்கும். கரண்டி வச்சுத் தின்னுக்க."

15:29

34. எழுத்து ஆடுகிறது எனக்கு. அவர் மேல் கோபம் இல்லை. அவர் நான் சொன்னதை நம்பினார்

செண்பகம் அக்கா, அவர் இறங்கிட்டார். நல்லா இறங்கிட்டார். அவரைத் திட்டாதீங்க

15:3

அண்ணாச்சி ஓடி வாங்க

அண்ணாச்சி

15:44

அண்ணாச்சி: "பேட்டரி எணைப்பு, சரி. பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு பிலோமி."

16:08

அண்ணாச்சி: "பிலோமி, வந்துட்டேன். வாசலுக்கு வெளிய நிக்கேன். எந்திரி. ஒங்கதவுல மீட்டர் என்ன, உள்ள இருவத்திரெண்டுன்னு காட்டுது? ஆட்டத்துல மீட்டர் கெட்டுருக்கும்லா?"

16:09

அண்ணாச்சி: "பிலோமி? மீட்டர்தான கெட்டுருக்கு? சொல்லும்மா."